யார் கொடுத்த அனுமதி

இணையதளத்தைச் சமூக ஊடகக் கணக்கோடு இணைக்கும்போது வருகிற பிழைச் செய்திகள் மிகவும் சிக்கனமாகப் பேசும். ‘உங்களை உறுதிசெய்ய முடியவில்லை’ என்று ஒரு வரி வரும். சில சமயம் 401 என்று ஓர் எண் மட்டும். ஏன் முடியவில்லை என்ற விளக்கம் அதிகம் இருக்காது. விளக்கிச் சொன்னால் திருட வந்தவனுக்கும் அந்த விளக்கம் போய்ச் சேரும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய மாத இதழின் இணையதளத்தைப் பல வருஷம் கவனித்துக்கொண்டவன் என்ற முறையில் அந்த ஒற்றை வரியோடு எனக்கு நீண்ட பழக்கம் உண்டு. அது மறுக்கும்போதெல்லாம் யாரோ ஒருவரைக் காப்பாற்றத்தான் மறுக்கிறது என்பது எனக்கு உறுதிப்படக் கொஞ்சக் காலம் ஆயிற்று.

இதழின் அலுவலகம் பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. ஆசிரியரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கடைகளில் வாங்குகிறவர்களைவிட இணையத்தில் வாசிக்கிறவர்கள் கூடி வருவதை அவர் சீக்கிரமே கவனித்துவிட்டார். சிங்கப்பூரிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ ஒரு வாசகர் கடிதம் வந்தால் கீழே இறங்கிப் போய் அச்சகத்து ஆட்களுக்கும் வாசித்துக் காட்டுவார். கட்டுரை தளத்தில் ஏறிய கையோடு அதன் தலைப்பும் இணைப்பும் ட்விட்டருக்கும் ஃபேஸ்புக்குக்கும் தானாகப் போக வேண்டும் என்பது அவர் விருப்பம். இதற்கென்று தனியாக ஆள் வைக்க இதழிடம் பணம் இல்லை.

2010 வரை ட்விட்டருக்கு அனுப்புவது எளிதாக இருந்தது. தளத்தில் ஒரு பிளக்இன். அதன் அமைப்புப் பக்கத்தில் பயனர் பெயருக்கு ஒரு கட்டம், பாஸ்வேர்டுக்கு ஒரு கட்டம். இரண்டையும் நிரப்பினால் போதும், கட்டுரை ஏறும்போதெல்லாம் தளம் அந்தப் பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டும், ட்விட்டர் உள்ளே விடும். எளிதாக இருந்த அளவுக்கு அது பயமாகவும் இருந்தது. நாங்கள் வைத்திருந்த பிளக்இன் பாஸ்வேர்டை டேட்டாபேஸில் எழுதியபடியே வைத்திருந்தது. தளத்தை வடிவமைத்தவர், ஹோஸ்டிங்காரர், பேக்கப்பைப் பென்டிரைவில் எடுத்துப்போன தம்பி என்று எத்தனை பேர் கண்ணில் அது பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. அவர்களில் யாரையும் நான் சந்தேகப்படவில்லை. ஆனாலும் ஒருவர் நல்லவராக இருப்பதை மட்டும் நம்பி ஓர் இதழின் பெயரை நிறுத்தி வைப்பது சரியாகப் படவில்லை.

அந்த வழியை ட்விட்டர் 2010 ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு அடைத்தது. இனி ஓஆத் முறையில்தான் வர வேண்டும் என்றார்கள். ட்விட்டரில் அப்போது இருந்த பிளெய்ன் குக், வெளியே இருந்த கிறிஸ் மெசினா முதலியவர்கள் 2006-ன் கடைசியில் பேசத் தொடங்கி, 2007-ல் முதல் பதிப்பாக வெளியே வந்த முறை அது. அதன் அடிப்படை எனக்கு உடனே பிடித்துப்போனது. தளம் நம்மிடம் பாஸ்வேர்டு கேட்காது. நம்மை ட்விட்டருக்கே அனுப்பி வைக்கும். அங்கே நாம் லாகின் செய்து, இந்தத் தளம் இன்னின்னதைச் செய்யலாம் என்று நாமே ஒப்புக்கொண்டால், தளத்தின் கையில் ஒரு டோக்கன் கொடுப்பார்கள். வேண்டாம் என்று தோன்றினால் அந்த டோக்கனை மட்டும் ரத்து செய்துவிடலாம். பாஸ்வேர்டு ட்விட்டரைத் தவிர வேறு யாரிடமும் போவதே இல்லை. 

புதிய பிளக்இன்னைப் போட்டு, ட்விட்டரில் ஆப் ஒன்றைப் பதிவு செய்து, கிடைத்த சாவிகளை ஒட்டி, இணைப்புப் பொத்தானை அழுத்தினால், கையொப்பத்தையும் டோக்கனையும் சரிபார்க்க முடியவில்லை என்று வந்தது. எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது சாவிகளைத்தான். நகலெடுக்கும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று திரும்பத் திரும்ப அழித்து ஒட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. அதே பிளக்இன்னும் அதே சாவிகளும் என் வீட்டுக் கணினியில் வைத்திருந்த மாதிரித் தளத்தில் ஒழுங்காக வேலை செய்தன. அங்கே சரி, சர்வரில் தவறு என்றால், வித்தியாசம் அந்த இயந்திரத்தில் இருக்க வேண்டும்.

ஓஆத் முதல் பதிப்பில் ஒவ்வொரு கோரிக்கையும் கையொப்பத்தோடு போகும். அந்தக் கையொப்பத்துக்குள் நேரமும் உண்டு. 1970 ஜனவரி 1 நள்ளிரவு, கிரீன்விச் கணக்கில், அதிலிருந்து எத்தனை வினாடி என்று எண்ணி அனுப்ப வேண்டும். வழியில் யாராவது ஒரு கோரிக்கையைப் பிடித்து வைத்துக்கொண்டு நாளைக்குத் திரும்ப அனுப்பினால் அது செல்லாமல் போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. ஆகவே நேரம் அதிகம் தள்ளிப்போனால் கோரிக்கை பழையது, அல்லது போலி. ட்விட்டர் திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு பதிலின் தலைப்பகுதியிலும் அவர்களுடைய தேதியும் நேரமும் இருக்கும். பிழை என்று வருகிற பதிலிலும் இருக்கும். அதை எடுத்து எங்கள் சர்வர் எழுதியனுப்பிய நேரத்தோடு கழித்துப் பார்த்தேன். சுமார் 19,800 வினாடி வித்தியாசம் வந்தது. காகிதத்தில் 3,600 ஆல் வகுத்தேன். ஐந்தரை.

இந்தியாவில் வேலை செய்கிறவனுக்கு ஐந்தரை என்ற எண்ணைப் பார்த்த பிறகு வேறு தடயம் வேண்டாம். சர்வரை அமைத்துக் கொடுத்தவர் யாரோ, கட்டுரைகளில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறார். நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று மாற்றுவதற்குப் பதிலாகக் கடிகார முள்ளையே முன்னால் தள்ளி வைத்துவிட்டார். கிரீன்விச் என்ற பெயரின்கீழ் நம் ஊர் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டுரைகளில் நேரம் சரியாகத் தெரிந்ததால் யாரும் கவனிக்கவில்லை. ட்விட்டரைப் பொறுத்தவரை நாங்கள் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தோம். மண்டலத்தைத் திருத்தி, இணையத்தின் பொது நேரத்தோடு சர்வர் தானே ஒத்துப்போகும்படி வைத்ததும் இணைப்பு கிடைத்துவிட்டது. அன்று முதல் எந்த லாகின் பிழையானாலும் நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தைத்தான்.

இணைப்பு கிடைத்தும் கட்டுரைகள் போகவில்லை. மாதிரிக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் அடித்து அனுப்பியபோது போனது. தமிழ்க் கட்டுரைத் தலைப்பு போகவில்லை, 401. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “இதுல தமிழ் எடுக்காது.” அந்தக் காலத்தில் கணினியில் எது நின்றாலும் இந்தப் பழி தமிழ்மீது விழும். எழுத்துரு, குறியீடு என்று பட்ட பாடுகள் அப்படி. எனக்கு இதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ‘மழை’ என்று ஒரு சொல்லை மட்டும் அனுப்பினேன். போனது. ஆங்கிலத்தில் இரண்டு சொல் அனுப்பினேன். நின்றது. மொழிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்கிற வெற்றிடம்தான் காரணம்.

இணையத்தில் அனுப்பும் முன் எழுத்துகளைச் சதவீதக் குறியிட்டு மாற்றுவார்கள். ‘க’ என்ற ஒற்றை எழுத்து மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் மூன்று குறி, ஆக ஒன்பது குறியாக விரியும். இடைவெளியை மாற்ற இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று கூட்டல் குறி, மற்றது %20. ஓஆத் இரண்டாவதை மட்டுமே ஏற்கும். நாங்கள் பயன்படுத்திய நிரலில் கையொப்பம் போடும் இடத்தில் முதல் வழக்கம் இருந்தது. நாங்கள் ஒன்றுக்குக் கையொப்பமிட்டோம், அவர்கள் வேறொன்றுக்கு ஒத்துப் பார்த்தார்கள். பிஎச்பியில் ஒரு கட்டளையை மாற்றினால் போதும், மாற்றினேன். அடுத்த தலைப்பு முழுசாகப் போய்ச் சேர்ந்ததை அண்ணாச்சி தன் போனில் பார்த்துவிட்டு, தமிழ் எடுக்காது என்று சொன்ன ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த சந்தோஷம் எனக்கும் குறைவாக இல்லை.

2012 அக்டோபரில் ஓஆத் இரண்டாம் பதிப்பு வந்தது. இதில் கையொப்பம் கட்டாயம் இல்லை. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வழி, பாதுகாப்புக்கு எச்டிடிபிஎஸ். அதன் ஆசிரியர்களில் முக்கியமானவராக இருந்த எரான் ஹாமர், இந்தப் போக்கு பிடிக்காமல் ஜூலையிலேயே விலகித் தன் பெயரையும் எடுக்கச் சொல்லிவிட்டார். அவருடைய கவலையில் நியாயம் உண்டு என்றே இன்றும் நினைக்கிறேன். என்னைப் போன்றவர்களுக்குக் கடிகாரத் தொல்லையும் கூட்டல் குறித் தொல்லையும் ஒழிந்தன என்பதும் உண்மை. ஆனால் முன்பு கையொப்பம் தாங்கிய கனத்தில் பெரும்பங்கு இப்போது திரும்பிவரும் முகவரியின்மேல் வந்து விழுந்தது.

ஃபேஸ்புக்கில் அனுமதி கொடுத்து முடித்ததும் நம்மை எங்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று தளம் ஒரு முகவரி சொல்லும். அந்த முகவரிக்குத்தான் ரகசியக் குறியீடு வரும். அது ஏற்கெனவே பதிந்து வைத்த முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பத்திரப் பதிவில் சர்வே எண் உட்பிரிவு மாறினால் சார்பதிவாளர் எப்படித் திருப்பி அனுப்புவாரோ அப்படி. முன்னால் ‘டபிள்யூ’ மூன்று இருந்தால் வேறு முகவரி, கடைசியில் சாய்கோடு இருந்தால் வேறு முகவரி. முன்பெல்லாம் இதில் கொஞ்சம் தாராளம் இருந்தது. 2018 மார்ச்சில் ஃபேஸ்புக் இந்தக் கண்டிப்பை எல்லா ஆப்களுக்கும் கட்டாயமாக்கியது. அதே வருஷம் அக்டோபரில் எச்டிடிபிஎஸ்ஸும் கட்டாயமானது. ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் அவர்களுக்குத் தெரியாமல் கைமாறிய கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம் வெடித்த வருஷம் அது.

எங்கள் தளத்தையும் அந்த வருஷம் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றினோம். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகச் சான்றிதழ் தருவதால் செலவில்லை. ஃபேஸ்புக்கில் பதிந்த முகவரியிலும் அதே மாற்றத்தைச் செய்தாயிற்று. தளத்தைத் திறந்தால் பூட்டுச் சின்னம் தெரிகிறது. எல்லாம் சரியாக இருந்தும் இணைக்கும்போது மட்டும் முகவரி அனுமதிக்கப்படவில்லை என்று வந்தது. அப்போது துணையாசிரியராக இருந்த பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முகவரிகளையும் உரக்க வாசித்து ஒப்பிட்டாள். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

பிழைப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் எல்லோரும் பார்ப்போம். மேலே முகவரிப் பட்டையை யாரும் பார்ப்பதில்லை. விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நம் தளம் ஃபேஸ்புக்கிடம் என்ன கேட்டது என்பது முழுதும் அந்த நீளமான முகவரிக்குள் எழுதப்பட்டிருக்கும். அதை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, சதவீதக் குறிகளை நீக்கிப் படித்தேன். திரும்பிவரும் முகவரி வெறும் எச்டிடிபி என்று இருந்தது. கடைசி எஸ் இல்லை. சர்வருக்கு முன்னால் இன்னொரு சர்வர் நின்று வாசகர்களை வரவேற்றுக்கொண்டிருந்தது. வாசகருக்கும் அதற்கும் இடையே பூட்டு உண்டு. அதற்கும் எங்கள் தளத்துக்கும் இடையே இல்லை. ஆகவே தன் வீட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று என்ற செய்தியே தளத்துக்குத் தெரியாது. முன்னால் நிற்கும் சர்வர் சொல்லியனுப்பும் குறிப்பை நம்பு என்று இரண்டு வரி சேர்த்ததும் முகவரி ஒத்துப்போயிற்று. அனுமதிப் பொத்தானை அந்தப் பெண்தான் அழுத்தினாள். இதழின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு அவள்தான் அட்மின்.

அதற்குப் பிறகும் ஒரு குழப்பம் வந்தது. பதிவுகள் போகின்றன, அலுவலகத்தில் எங்கள் எல்லோருக்கும் தெரிகின்றன, வாசகர் ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சி நாகர்கோவிலில் இருக்கிற நண்பருக்கு போன் போட்டு, “ஒமக்குத் தெரியுதா, இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரியவில்லை. ஆப் இன்னும் சோதனை நிலையில் இருந்தது. அந்த நிலையில் அது இடும் பதிவுகள் ஆப்பில் பொறுப்பு உள்ளவர்கள் கண்ணுக்கு மட்டுமே தெரியும். நேரடி நிலைக்கு மாற்றுவதற்குத் தனியுரிமைக் கொள்கைப் பக்கம் ஒன்று வேண்டும். அண்ணாச்சி அதைத் தன் கைப்பட எழுதினார். வாசகர்களைப் பற்றி நாம் எதையெல்லாம் தெரிந்துவைத்திருக்கிறோம் என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, புரிகிற தமிழில் எழுதினார். தமிழில் நான் படித்த தனியுரிமைக் கொள்கைகளில் அதுவே நல்லது என்பேன்.

அந்தப் பெண் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். இணைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. ஓடுகிறதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2021-ல் ஒரு காலையில் ஃபேஸ்புக் பதிவுகள் நின்றன. பிழைக் குறிப்பில் 190 என்ற எண். டோக்கன் செல்லாது என்று அர்த்தம். பயனர் தன் பாஸ்வேர்டை மாற்றியதால் இருக்கலாம் என்று அடுத்த வரி சொன்னது. எங்களில் யாரும் எதையும் மாற்றவில்லை. பிறகுதான் யோசித்தேன், அந்த டோக்கன் எங்களுடையதே அல்ல.

“அந்தப் பிள்ளைட்ட பாஸ்வேர்ட கேட்டு வாங்கிப் போட்ரு தம்பி, வேலை முடிஞ்சிரும்லா” என்றார் அண்ணாச்சி.

“வேண்டாம் அண்ணாச்சி. அது அவ சொந்தக் கணக்கு. வீட்டுல உள்ளவங்க பேசிக்கிடுறது, பிள்ளை போட்டோ, எல்லாம் அதுக்குள்ள இருக்கு. நாம கேட்டா அவ மறுக்க மாட்டா. அதனாலேயே கேக்கக் கூடாது.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரிதான்” என்றார்.

நான் அவளுக்கு போன் செய்தேன். பஸ்ஸில் போன் திருட்டுப் போய்விட்டது, முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினேன் என்றாள். செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறாள். பாஸ்வேர்டு மாறிய மாத்திரத்தில் அவள் பெயரில் இருந்த பழைய டோக்கன்களையெல்லாம் ஃபேஸ்புக் செல்லாததாக்கியிருக்கிறது. திருடியவன் கையில் இருந்ததும் எங்கள் தளத்தின் கையில் இருந்ததும் அதற்கு ஒன்றுதான். அப்படித்தான் இருக்க வேண்டும். விஷயத்தை விளக்கியதும் அவள் கேட்டாள்: “அண்ணே, நான் வேலையை விட்டு வந்த பிறகும் எம் பேர்லயா எல்லாம் போயிட்டு இருந்துது?”

அவள் குரலில் கோபம் இல்லை, ஆனால் கேள்வி சரியான கேள்வி. சம்பளம் நின்ற பிறகும் ஒருவருடைய பெயரில் ஓர் அலுவலகம் வேலை வாங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் அதன் பொருள். நாற்காலியையும் சாவியையும் திரும்ப வாங்குகிற எந்த அலுவலகமும், போகிறவர் கொடுத்திருந்த அனுமதியைத் திருப்பிக் கொடுக்க நினைப்பதில்லை. இந்தச் சின்ன விஷயத்தைச் சிறு பத்திரிகைகள், பள்ளிக்கூடங்கள், சங்கங்கள் எல்லாம் கவனிக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

அன்று சாயங்காலமே அவள் அண்ணாச்சியைப் பக்கத்தின் அட்மினாகச் சேர்த்தாள். பிறகு தன் கணக்கின் அமைப்புகளில் இதழின் ஆப்பை நீக்கினாள், பக்கத்திலிருந்தும் தன்னை விலக்கிக்கொண்டாள். அண்ணாச்சி தன் கணக்கில் லாகின் செய்து அனுமதிப் பக்கத்துக்கு வந்தார். வழக்கமாக எல்லோரும் படிக்காமல் அழுத்துகிற பக்கம் அது. அவர் மெய்ப்புத் திருத்துகிறவர். ஒவ்வொரு வரியாக வாசித்து, “இது எதுக்கு?” என்று கேட்டார். பதிவிட, சரி. பக்கங்களின் பட்டியலைப் பார்க்க, சரி. பக்கத்துக்கு வரும் தனிச் செய்திகளைக் கையாள என்று ஒன்று இருந்தது. “வாசகர் நமக்கு எழுதுறதை மெஷின் எதுக்குப் படிக்கணும்?” என்றார். அது எங்களுக்குத் தேவையே இல்லை, பிளக்இன் தன் வசதிக்குக் கேட்கிறது. அந்த ஒன்றை அணைத்துவிட்டு மற்றவற்றுக்கு ஒப்புக்கொண்டார். பதிவுகள் மறுபடி போகத் தொடங்கின. யார் அனுமதி கொடுத்தது, எதற்கெல்லாம், எந்தத் தேதியில் என்று அலுவலகக் கோப்பில் ஒரு தாள் எழுதி வைத்தோம்.

2023-ல் ட்விட்டர் பழைய இலவச வழியை எடுத்தது. இந்த முறை வந்த எண் 403. 401 என்றால் நீ யாரென்று தெரியவில்லை, 403 என்றால் நீ யாரென்று தெரிகிறது ஆனால் உனக்கு இடமில்லை. இரண்டாவது வந்தால் சாவியையும் கடிகாரத்தையும் நோண்டிக்கொண்டிருப்பதில் பலன் இல்லை. விதி என்ன மாறியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். படித்தோம். மாதம் ஒருமுறை வருகிற இதழுக்கு அதெல்லாம் வேண்டாம், கையாலேயே போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

போன மாதம் தூத்துக்குடியிலிருந்து நண்பர் ஒருவர் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர், சிறுவர் கதைகளுக்கு ஒரு தளம் நடத்துகிறார். கூகுள் கணக்கில் லாகின் செய்து பிள்ளைகளின் பெற்றோர் கருத்து எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறார், திரும்பிவரும் முகவரி பொருந்தவில்லை என்று வருகிறது. முகவரிப் பட்டையில் இருப்பதை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொன்னேன். முன்னால் மூன்று டபிள்யூ இருந்தது. கூகுளில் பதிந்து வைத்ததில் இல்லை. அதையும் சேர்த்துச் சேமிக்கச் சொன்னேன். மாற்றம் நடப்புக்கு வர ஐந்து நிமிஷமும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம், அதற்குள் வேறெதையும் மாற்ற வேண்டாம் என்றும் சொன்னேன்.

“சார், அந்த கூகுள் ப்ராஜெக்ட் யார் கணக்குல இருக்கு?”

“எம் மவ கணக்குல. அவதான் செஞ்சு குடுத்தா. இப்ப பெங்களூர்ல இருக்கா.”

இந்த வாரமே மகளிடம் சொல்லி, தளத்துக்கென்று இருக்கிற மின்னஞ்சலையும் ஓர் உரிமையாளராகச் சேர்த்துவிடுங்கள் என்றேன். குறித்துக்கொண்டேன் என்றார்.